பழையது வெள்ளியா, வியாபாரியா?

மொழிப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

ஆங்கிலத்தில் இரண்டு சொற்களுக்கு நடுவே போடும் சிறு கோட்டைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், அந்தக் கோடு பலரையும் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் அதை இடைக்கோடு என்று சொல்லிக் கொடுத்தாலும், அச்சகத்திலும் அலுவலகத்திலும் ஹைஃபன் என்றே வழங்குவதால் நானும் அப்படியே எழுதுகிறேன். ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கோடு வரவேண்டிய இடத்தில் கோடு இருக்கும்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையும் அதை ஒட்டிச் சிறிய கடையும் நடத்துகிறோம். பழைய வெள்ளியையும் எடைக்கு எடுத்துக்கொள்கிறோம். புதிய விசிட்டிங் கார்டில் ‘ஓல்ட் சில்வர் பையர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் போடச் சொன்னேன். கல்லூரியில் படிக்கும் என் மகள், ஓல்டுக்கும் சில்வருக்கும் நடுவே ஹைஃபன் வேண்டும் என்கிறாள். அச்சகத்துத் தம்பியோ, கோடு போட்டால் எழுத்தின் அழகு கெட்டுவிடும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: மகள் சொல்வதே சரி அம்மா. தங்கள் தொடரில் மூன்று சொற்கள் இருக்கின்றன. ‘ஓல்ட்’ என்ற முதற்சொல் அடுத்து நிற்கும் சில்வரோடு சேருகிறதா, அல்லது சில்வரைத் தாண்டிப் போய்ப் பையர்ஸோடு சேருகிறதா என்பதுதான் இங்கே வழக்கு. கோடு இல்லாமல் படித்தால், வயதான இருவர் கடையில் உட்கார்ந்துகொண்டு வெள்ளி வாங்குகிறார்கள் என்றும் பொருள் கொள்ளலாம். ‘ஓல்ட்-சில்வர் பையர்ஸ்’ என்று எழுதிவிட்டால் பழைமை வெள்ளியோடு ஒட்டிக்கொள்கிறது, தங்களுக்கு வயதாகவில்லை. செவ்வாய்ப்பேட்டைக்காரர் எவரும் இதைத் தவறாகப் படிக்க மாட்டார் என்பது உண்மையே. ஆனால் இந்த ஊரின் கொலுசு போகும் தூரமெல்லாம் கார்டும் போகும். அங்கே படிப்பவருக்குத் தங்கள் தெருவும் தொழிலும் தெரியாது.

இது ஆங்கிலத்துக்கே உரிய விசித்திரம் என்று எண்ண வேண்டியதில்லை. ‘சிறுதொழில் அதிபர்’ என்பதற்கும் ‘சிறு தொழிலதிபர்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். முன்னதில் சிறியது தொழில். பின்னதில் சிறியவர் அதிபர். எந்தச் சொல்லை எதோடு ஒட்டுகிறோம், எங்கே இடைவெளி விடுகிறோம் என்பதைக் கொண்டே தமிழ் இந்தப் பொருளைக் காட்டிவிடுகிறது. அதேபோல் ‘பழைய துணிக்கடை’ என்றால் கடை பழையதாகவும் இருக்கலாம், துணி பழையதாகவும் இருக்கலாம். ‘பழந்துணிக்கடை’ என்று சொல்லிவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை. ஆங்கிலத்துக்குச் சொற்களை இப்படிக் குறுக்கி, மெல்லெழுத்தை நடுவே வரவழைத்து ஒட்டவைக்கும் வசதி கிடையாது. ஆகையால் கோட்டைப் போட்டு ஒட்டுகிறது. ஹைஃபன் என்னும் சொல்லே கிரேக்கத்தில் ‘ஒன்றன்கீழ்’ என்னும் பொருளில் பிறந்தது. சொற்களுக்கு இடையில் இடைவெளி விடாமல் எழுதிய அக்காலக் கிரேக்கச் சுவடிகளில், சேர்த்துப் படிக்க வேண்டிய இடத்தில் எழுத்துகளுக்கு அடியில் வில்போல் ஒரு வளைகோடு இழுப்பார்கள். அந்த வளைகோட்டின் பெயர்தான் பின்னாளில் நடுவே வரும் கோட்டுக்கு ஆயிற்று.

கோடு வேண்டுமா வேண்டாமா என்று ஐயம் வந்தால், முன்னிரண்டு சொற்களையும் தனித்தனியே கடைசிப் பெயரோடு சேர்த்துப் பாருங்கள். ‘பிக் எல்லோ மேங்கோ’ என்பதில் பிக் மேங்கோ என்றாலும் சரி, எல்லோ மேங்கோ என்றாலும் சரி. பழம் பெரியதும்தான், மஞ்சளும்தான். இரண்டும் தனித்தனியே பழத்தைச் சுட்டுவதால் கோடு தேவையில்லை. ‘ஓல்ட் பையர்ஸ்’ என்று பிரித்தாலோ தாங்கள் சொல்ல வந்தது போய்விடுகிறது; அங்கே கோடு வேண்டும். பழச்சாற்றுக் கடைகளில் ‘ஃபிரெஷ் ஃபுரூட் ஜூஸ்’ என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம், புதியது பழமா சாறா என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன். அங்கே இரண்டும் புதியனவாக இருந்தால் வாடிக்கையாளருக்கு நட்டமில்லை என்பதால் பேசாமல் குடித்துவிட்டு வந்துவிடுவதும் உண்டு.

கடிதத்தோடு தாங்கள் அனுப்பிய மாதிரி அட்டையின் மறுபக்கத்தில் தமிழில் ‘வெள்ளி கொலுசு’ என்று அச்சாகியிருக்கிறது. வெள்ளியால் ஆன கொலுசு என்பதால் ‘வெள்ளிக் கொலுசு’ என்று ககர ஒற்று மிக வேண்டும். ஆங்கிலப் பக்கத்துக் கோடும் தமிழ்ப் பக்கத்து ஒற்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அச்சகத்துத் தம்பியிடம் இரண்டையும் ஒருசேரச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து வீட்டை ஹோம்ஸ்டேயாக மாற்றியிருக்கிறோம். மூன்று கட்டில் போட்ட அறைகள் இரண்டு இருக்கின்றன. இரண்டு நாள், மூன்று நாள் தங்கும் திட்டங்களும் வைத்திருக்கிறோம். இவற்றையெல்லாம் ஆங்கில விளம்பரத்தில் எப்படி எழுதுவது? ‘த்ரீ டேஸ் பேக்கேஜ்’ என்று எழுதியதை ஒரு விருந்தினர் பிழை என்றார்.

பதில்: அந்த விருந்தினர் சொன்னது சரிதான். எண்ணும் அளவும் சேர்ந்து ஒரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக நிற்கும்போது இரண்டையும் கோட்டால் இணைத்து, அளவுச் சொல்லை ஒருமையில் வைப்பது ஆங்கில வழக்கு. எனவே ‘த்ரீ-டே பேக்கேஜ்’. நாமும் ‘மூன்று நாள் பயணம்’ என்கிறோமே தவிர ‘மூன்று நாட்கள் பயணம்’ என்று வாயில் வராது. காது பழகிய இந்த ஒருமையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஐயாயிரம் அடி மலை என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபைவ்-தௌசண்ட்-ஃபுட் ஹில்’ என்று வருமே அன்றி ‘ஃபீட்’ வராது. ‘டென்-இயர்-ஓல்ட் பாய்’ என்பதில் இரண்டு கோடு. ‘த பாய் இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்’ என்று வாக்கியத்தின் முடிவில் வைத்தால் கோடும் இல்லை, ஒருமையும் இல்லை.

இரண்டு நாள், மூன்று நாள் திட்டங்களை ‘டூ- அண்ட் த்ரீ-டே பேக்கேஜஸ்’ என்று எழுத வேண்டும். டூவுக்குப் பின்னால் ஒரு கோடு பிடிமானம் இல்லாமல் தொங்குவதைப் பார்த்து அச்சகத்தார் பிழை என்று நீக்கிவிடுவார்கள், விடாதீர்கள். பின்னால் வரவிருக்கும் ‘டே’ தனக்கும் உரியது என்று அந்தக் கோடு சொல்லிக்கொண்டு நிற்கிறது.

அறை விவரத்தில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். ‘டூ த்ரீ பெட் ரூம்ஸ்’ என்று மொட்டையாக விட்டால், இரண்டு மூன்று படுக்கையறைகள் இருக்கின்றன என்று ஒருவரும், இரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் மூன்று கட்டில் என்று இன்னொருவரும் படிப்பார்கள். ‘டூ த்ரீ-பெட் ரூம்ஸ்’ என்றால் தெளிவு. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் சேலத்தில் ஓர் அச்சகத்தில் நான் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். மலையில் இருந்த ஒரு விடுதியின் கையேடு வந்தது. கையெழுத்துப் படியில் ‘ட்வென்டி ஃபோர் பெட் ரூம்ஸ்’ என்று இருந்தது. இருபத்துநான்கு என்னும் எண்ணுக்கு ஆங்கிலத்தில் கோடு போட வேண்டும் என்று அப்போதுதான் கற்றிருந்த பெருமையில், ட்வென்டிக்கும் ஃபோருக்கும் நடுவே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து அனுப்பிவிட்டேன். அவர்களிடம் இருந்தவையோ நான்கு கட்டில் போட்ட இருபது அறைகள். கோடு ஃபோருக்கும் பெட்டுக்கும் நடுவே போயிருக்க வேண்டும். அடுத்த கோடையில் ஒரு கல்லூரிக் குழு, ஆளுக்கு ஓர் அறை என்று இருபத்துநான்கு பேராகப் பேருந்தை விட்டு இறங்கியதாம். விடுதிக்காரர் ஒன்றும் பேசாமல் மீதமிருந்த கையேடுகளைச் சணல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மறு அச்சுக்கான காகிதச் செலவு என் சம்பளத்தில் இரண்டு மாதம் பிடிக்கப்பட்டது.

தோட்டத்துக் காப்பித்தூளையும் விற்பதாக எழுதியிருக்கிறீர்கள். உறைமேல் எடையை முழுச் சொல்லால் எழுதினால் ‘ஃபைவ்-கிலோகிராம் பேக்’ என்று கோடு வரும். எண்ணும் அலகின் குறியீடுமாக ‘5 கே.ஜி.’ என்று ஆங்கில எழுத்தில் போட்டால், நடுவே இடைவெளி மட்டும் விட வேண்டும். அலகுக் குறியீடுகளுக்கான பன்னாட்டு முறை அப்படித்தான். ‘ஷேட்-குரோன் காஃபி’, அதாவது நிழலில் விளைந்த காப்பி, என்பதற்குக் கோடு வேண்டும். மலைப்பாதையைப் பற்றிய வரியில் ‘ட்வென்டி-ஹேர்பின்-பெண்ட் ரோடு’ என்று மூன்று சொல்லைக் கோத்திருக்கிறீர்கள். இலக்கணப்படி பிழையில்லை, ஆனாலும் அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் ஏறியதுபோல் வாசகருக்கு மூச்சு வாங்கும். ‘ரோடு வித் ட்வென்டி ஹேர்பின் பெண்ட்ஸ்’ என்று பிரித்து எழுதிவிடுங்கள். கோடுகள் குவியும் இடத்தில் வாக்கியத்தையே மாற்றிக்கொள்வது நல்லது.

கேள்வி: ஆத்தூர் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ‘வெல்-நோன் போயட்’ என்று பாடத்தில் கோடு இருக்கிறது. அடுத்த பக்கத்திலேயே ‘த போயட் இஸ் வெல் நோன்’ என்று கோடில்லாமல் இருக்கிறது. ‘ஹைலி ஸ்கில்டு வீவர்’ என்பதில் பெயருக்கு முன்னால் வந்தும் கோடு இல்லை. மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: மூன்றும் சரியே. பெயருக்கு முன்னால் வரும்போது, மூன்றாவதாக ஒரு சொல் காத்திருக்கிறது. எது எதோடு சேரும் என்ற குழப்பம் அதனால்தான் பிறக்கிறது. ‘த போயட் இஸ் வெல் நோன்’ என்பதில் நோனுக்குப் பின்னால் எந்தப் பெயரும் இல்லை, ஆகவே வெல் என்பதற்கு நோனை விட்டால் போக்கிடம் இல்லை. வாக்கிய முடிவிலும் இத்தகைய தொடருக்குக் கோடு போடும் செய்தித்தாள்கள் சில உண்டு; விடைத்தாளில் மாணவர் அப்படி எழுதினால் மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

‘ஹைலி ஸ்கில்டு’ என்பதில் ‘லி’ என்று முடியும் அந்த வினையடை, தன் வடிவத்தாலேயே அடுத்த சொல்லைச் சுட்டிவிடுகிறது. ‘ஹைலி வீவர்’ என்று யாராலும் படிக்க முடியாது. ஒட்டு ஏற்கெனவே இருக்கிற இடத்தில் இன்னொரு ஒட்டு எதற்கு? ‘வெரி’ என்ற சொல்லுக்கும் இதே நியாயம்தான். ஆனால் ‘லி’ என்ற ஒலியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். ‘ஃபேமிலி’ என்பது பெயர்ச்சொல். ஆகவே குடும்பத்தார் நடத்தும் தோட்டம் ‘ஃபேமிலி-ரன் எஸ்டேட்’ என்று கோடு பெறும். ‘எர்லி’ பெயரடையாகவும் வருவதால் விடியற்காலைப் பேருந்தை ‘எர்லி-மார்னிங் பஸ்’ என்று எழுத வேண்டும். வகுப்பில் இந்த இரண்டையும் கரும்பலகையில் ஹைலிக்குப் பக்கத்திலேயே எழுதிப் போட்டால், வேறுபாட்டை மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்லித் தாருங்கள். ‘மோர் எக்ஸ்பீரியன்ஸ்டு டீச்சர்ஸ்’ வேண்டும் என்று ஒரு பள்ளி விளம்பரம் கொடுத்தால், அனுபவமுள்ள ஆசிரியர்கள் இன்னும் சிலர் வேண்டுமா, இப்போது இருப்பவர்களைவிட அனுபவம் மிகுந்தவர்கள் வேண்டுமா? இரண்டாவது பொருள் என்றால் மோருக்கும் எக்ஸ்பீரியன்ஸ்டுக்கும் நடுவே கோடு போட்டுக் காட்டலாம். இருக்கிற ஆசிரியர்களின் மனம் நோகாமல் இருக்க வேண்டுமானால் கோடு போடாமல் விடலாம்.

கேள்வி: எங்கள் கடை ஐந்து ரோட்டில் இருக்கிறது. முகவரியில் ‘ஃபைவ்-ரோட்ஸ்’ என்று கோடு போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது ஊரறிந்த இடப்பெயர். பெயராக நிலைத்துவிட்ட சொற்கள் முதலெழுத்துப் பெரிதாக வருவதாலேயே ஒன்றாக நிற்கின்றன. ‘ஃபைவ் ரோட்ஸ் ஃப்ளைஓவர்’, ‘தமிழ்நாடு கவர்ன்மென்ட்’, ‘சேலம் ஸ்டீல் பிளான்ட்’ எதற்கும் கோடில்லை. பெயராக அல்லாமல், ஐந்து சாலைகள் கூடும் ஏதோ ஒரு சந்திப்பு என்று பொதுவாகச் சொன்னால் மட்டும் ‘ஃபைவ்-ரோடு ஜங்ஷன்’.

கேள்வி: ஓமலூரிலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு புத்தகத்தில் கோடு இருக்கும் சொல் இன்னொன்றில் சேர்ந்தே இருக்கிறது, வேறொன்றில் பிரிந்திருக்கிறது. எதை மனப்பாடம் செய்வது?

பதில்: தம்பி, அகராதியில் தலைச்சொல்லாக நிற்கும் சொற்களையும், வாக்கியத்தில் அப்போதைக்கப்போது சேரும் அடைமொழிகளையும் வேறு வேறாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் நிலைத்த விதி கிடையாது. இரண்டு சொல்லாகப் பிறந்து, சில காலம் கோட்டால் ஒட்டி, பிறகு ஒரே சொல்லாகிவிடுவது ஆங்கிலத்தில் வழக்கம். 2007-இல் வெளிவந்த சுருக்க ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆறாம் பதிப்பு, ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து ஹைஃபனை நீக்கியது. அவற்றில் ‘ஐஸ் கிரீம்’ போன்றவை இரண்டு சொல்லாகப் பிரிந்தன. ‘பம்பிள்பீ’ போன்றவை ஒரே சொல்லாக ஒட்டின. பழைய பதிப்பைப் பார்த்து எழுதிய புத்தகமும் புதிய பதிப்பைப் பார்த்து எழுதிய புத்தகமும் தங்கள் மேசையில் சண்டையிட்டுக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். அண்மைக்கால அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு அதையே பின்பற்றுங்கள்.

இரண்டாம் வகையில்தான் இந்தப் பக்கம் முழுதும் சொல்லிவரும் நியாயம் செல்லும். அங்கும் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2019-இல் தன் நடைக் கையேட்டில், கோடில்லாமலே பொருள் விளங்கும் தொடர்களுக்குக் கோடு வேண்டாம் என்று விதியைத் தளர்த்தியது. செய்தித் திருத்துநர்கள் எதிர்த்து எழுதவே, அந்தத் தளர்வில் ஒரு பகுதியை அதே ஆண்டிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒன்றாகவே சொல்லிப் பழகிய இணைகளுக்குப் பலரும் கோடு போடுவதில்லை. ‘ரியல் எஸ்டேட் ஆபீஸ்’ என்பதை நிசமான எஸ்டேட் ஆபீஸ் என்று யாரும் படிப்பதில்லை, ஏற்காட்டில்கூட. நம் உருக்காலைச் சரக்கான ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷீட்’ என்பதும் கோடின்றியே பெரும்பாலும் வழங்குகிறது. குளிர்நிலையில் உருட்டியது என்னும் பொருளில் ‘கோல்டு-ரோல்டு’ என்று முன்னால் வரும் அடைக்கு மட்டும் கோடு போடுவார்கள். தேர்வில் இவ்வளவு நுட்பம் கேட்க மாட்டார்கள். எண்ணோடு வரும் அடைமொழியும், லி-யில் முடியும் வினையடையும் தெரிந்தால் பெரும்பாலான வினாக்களுக்குப் போதும்.

கேள்வி: மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கிறேன், ஊர் சேலம். ஆங்கிலத்தில் ஹைஃபன் வருமிடத்தில் தமிழிலும் போடலாமா? ‘காப்பி-தோட்டம்’, ‘வெள்ளி-கொலுசு’ என்றெல்லாம் இப்போது பார்க்கிறேன்.

பதில்: போட வேண்டாம் என்பேன். எண்ணுருவோடு உருபைச் சேர்க்கும்போது, மேலே நானே எழுதியதுபோல் ‘2019-இல்’ என்று கோடு பயன்படுகிறது, அது இருக்கட்டும். பெயரோடு பெயர் சேருமிடத்தில் தமிழிடம் கோட்டைவிட நுட்பமான கருவி இருக்கிறது. ஏற்காட்டுச் சாலையோரப் பலகை ஒன்றில் ‘இஞ்சி காப்பி’ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒற்று இல்லாவிட்டால் அது உம்மைத்தொகை. அந்தக் கடையில் இஞ்சியும் கிடைக்கும், காப்பியும் கிடைக்கும். ‘இஞ்சிக் காப்பி’ என்று ஒரு ககர ஒற்றைச் சேர்த்தால், இஞ்சி தட்டிப் போட்ட காப்பி ஆவி பறக்கக் கையில் வந்துவிடும். ‘இஞ்சி-காப்பி’ என்று நடுவே கோடு போட்டாலோ இரண்டில் எது என்று மறுபடியும் கடைக்காரரையே கேட்க வேண்டும். ஏரியும் காடும் சேர்ந்தே ஏற்காடு ஆயிற்று என்று சொல்வார்கள். அதை ‘ஏரி-காடு’ என்று எழுதி ஒருவர் மொழிபெயர்ப்பை அனுப்பினால் நீங்கள் திருத்தாமல் விடுவீர்களா? ஆகவே ஆங்கில மூலத்தில் கோட்டைக் கண்டால், எந்த இரண்டு சொல் ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும் அதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஒட்டைத் தமிழில் ஒற்றாலோ, இடைவெளியை நீக்கியோ, ‘பழந்துணி’ போலச் சொல்லைக் குறுக்கியோ, எதுவும் ஒத்துவராவிட்டால் ‘இஞ்சி போட்ட காப்பி’ என்று விரித்தோ சொல்லிவிடலாம்.